எலிஹு யேல்: கோட்டையின் ஆளுநரும் கப்பலேற்றப்பட்ட மக்களும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள யேல் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேள்விப்படாத சட்ட மாணவர் நம்மிடையே இருக்க முடியாது. அப்பெயருக்கு உரியவரான எலிஹு யேல், தம் பெயர் தாங்கிய அந்தக் கல்விக்கூடத்தை ஒருநாளும் கண்டவரல்லர். தம் வாழ்நாளில் 27 ஆண்டுகளை அவர் கழித்தது நமது சென்னையில். கல்விக்கொடையாளர் என்று அவரை உலகம் போற்றக் காரணமான செல்வத்தை அவர் திரட்டியதும் இங்கேதான். ஆண்டுதோறும் ஆகஸ்டில் சென்னை நாள் கொண்டாடப்படும்போது அவரைப் பற்றிய சுவையான செய்திகள் எழுதப்படுகின்றன. கோட்டைத் தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் அவருடையது. நகரத்தின் மாநகராட்சி அவர் ஆளுநராக இருந்தபோது பிறந்தது. வைர வணிகத்தில் அவர் கைதேர்ந்தவர். இவை யாவும் உண்மையே. ஆனால் அவரது ஆட்சியில் நம் மண்ணிலிருந்து மனிதர்கள் சரக்காகக் கப்பலேற்றப்பட்டார்கள் என்ற உண்மை அந்தக் கொண்டாட்டங்களில் அரிதாகவே பேசப்படுகிறது. அதைச் சேர்த்துச் சொல்லாமல் யேலின் வாழ்க்கை வரலாறு முழுமையடையாது என்பதே நமது நிலைப்பாடு.

எழுத்தராக வந்தவர்

எலிஹு யேல் 1649 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். அவரது குடும்பம் வேல்ஸ் நாட்டு வேர்களைக் கொண்டது. அவர் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் இங்கிலாந்துக்குத் திரும்பினர். அதன்பின் அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் பணியில் சேர்ந்து, 1672-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அன்றைய எழுத்தருக்கு ஆண்டுச் சம்பளம் 10 பவுன். அந்தச் சம்பளத்துக்காக எவரும் உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடக்கவில்லை. சொந்த வணிகம் என்ற வாசல் திறந்திருந்தது, அதற்காகவே வந்தனர்.

யேல் வந்தபோது கோட்டைக்கு வயது 33. 1639 ஆகஸ்ட் 22 அன்று தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து கம்பெனியின் பிரான்சிஸ் டே பெற்ற அனுமதியின்மீது எழுந்தது அது. அந்தப் பேரத்துக்குத் துணைநின்ற ஐயப்ப நாயக்கர், வேங்கடாத்திரியின் உடன்பிறந்தவர், பூவிருந்தவல்லியில் இருந்தவர். நாங்கள் இதை எழுதும் பட்டாபிராமுக்கு அண்மையில் உள்ள ஊர் பூவிருந்தவல்லி. இன்று ஒரு புறநகராக நாம் கடந்து செல்லும் அவ்வூர், 17-ஆம் நூற்றாண்டில் கோட்டையின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் அமர்ந்த இடம். விஜயநகர நாயக்கர்களுக்குப் பின் கோல்கொண்டாவின் அதிகாரிகள் அங்கிருந்து இச்சீமையை ஆண்டனர். அவர்கள் சினந்தால் கோட்டைக்குள் நெல்லும் விறகும் போவது நின்றுவிடும். கம்பெனி அன்று பேரரசு அல்ல. உள்நாட்டு ஆட்சியாளர்களோடும் பெருவணிகர்களோடும் பேரம் பேசிப் பிழைத்த ஒரு வணிக நிறுவனம். இதை மனத்தில் இருத்தினால்தான் பின்னால் வரும் கொடுமையில் யார் யாருக்குப் பங்கு என்பது விளங்கும்.

யேல் படிப்படியாக உயர்ந்தார். 1680 அக்டோபரில் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் திறக்கப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4 அன்று, கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் கைம்பெண் கேத்தரினை அங்கு மணந்தார். ஹின்மர்ஸ் விட்டுச்சென்ற செல்வம் யேலின் சொந்த வணிகத்துக்கு முதலாயிற்று. கோல்கொண்டாச் சுரங்கங்களின் வைரம், சோழமண்டலக் கரையின் துணி, கிழக்கே சீனம் வரை நீண்ட கடல்வணிகம் என அவரது கைகள் பல திசைகளில் நீண்டன. 1684-ல் சில மாதங்கள் தற்காலிக ஆளுநராக இருந்தார். 1687 ஜூலையில் முழுப் பொறுப்புள்ள ஆளுநரானார்.

பஞ்சமும் சந்தையும்

அந்த 1687-ஆம் ஆண்டை நாம் நின்று பார்க்க வேண்டும். வடக்கே ஔரங்கசீப்பின் படைகள் கோல்கொண்டாவை முற்றுகையிட்டு வீழ்த்தின. தெற்கே மராட்டியர்கள் செஞ்சியை மையமாகக் கொண்டு நின்றனர். அதே காலத்தில் கொடும்பஞ்சம் இக்கரையைத் தாக்கியது. சோற்றுக்கு வழியின்றி மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரை நகரங்களுக்கு வந்தனர். பெற்ற பிள்ளைகளை விற்றோரும் தம்மையே விற்றுக்கொண்டோரும் அவர்களில் இருந்தனர்.

அடிமை வணிகம் கம்பெனி புதிதாகக் கொண்டுவந்ததன்று. டச்சுக்காரர்களும் போர்த்துகீசியரும் அதற்கு முன்பே இக்கரையிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்றனர். மதராஸிலும் அது நடந்துவந்தது. பஞ்சம் வந்ததும் விலை வீழ்ந்தது, வணிகம் பெருகியது. கோட்டையின் ஆட்சிக்குழு செய்தது என்ன? மலிந்துவிட்ட சரக்குக்கு வரி விதிப்பதுபோல், கரையிலிருந்து அனுப்பப்படும் ஒவ்வோர் அடிமைக்கும் 1 வராகன் சுங்கம் விதித்தது. 1687-ல் ஒரே மாதத்தில் இத்துறைமுகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் குறைந்தது 665 பேர். பஞ்சத்தில் அடைக்கலம் தேடி வந்தவர்கள், அடைக்கலம் தந்திருக்க வேண்டிய கோட்டைக்குச் சுங்க வருவாய் ஆனார்கள்.

கம்பெனிக்கே அடிமைகள் தேவைப்பட்டனர். அட்லாண்டிக் கடலின் நடுவே செயின்ட் ஹெலினா என்ற தீவு அதன் வசம் இருந்தது. ஐரோப்பாவுக்குத் திரும்பும் கப்பல்கள் நீரும் உணவும் நிரப்பிக்கொள்ளும் இடம் அது. அங்குள்ள தோட்டங்களில் உழைக்க ஆள் வேண்டும். ஐரோப்பா நோக்கிப் புறப்படும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்ற விதியைக் கோட்டையின் ஆட்சிக்குழு வகுத்தது. அந்த முடிவில் யேல் பங்கேற்றார்; ஆளுநராக அதை நிறைவேற்றினார். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட உள்ளூர் மக்களுக்குச் சவுக்கடி, சூட்டுக்கோல் முத்திரை, கடல் கடந்த அடிமைத்தனம் என்ற தண்டனையையும் அவர் வழங்கியுள்ளார். தேவை பெருகியபோது கயவர்கள் சிறுபிள்ளைகளைக் கடத்திவந்து விற்கும் தொழிலில் இறங்கினர்.

1688-ல் கோட்டை தன் எல்லைக்குள் அடிமை வாங்கி அனுப்புவதைத் தடைசெய்தது. யேலுக்காக வாதாடுவோர் இந்தத் தடையை முன்வைக்கின்றனர். அதன் பின்னணியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கோல்கொண்டா வீழ்ந்தபின் இச்சீமை முகலாயர் கைக்கு வந்திருந்தது. தம் குடிகளை ஏற்றிச் செல்வதை முகலாய அதிகாரிகள் எதிர்த்தனர். புதிய மேலதிகாரத்தைப் பகைத்துக்கொள்ள முடியாத வணிக நிறுவனம் பணிந்தது. மனச்சான்று விழித்ததால் வந்த தடையாக இதைக் கொள்வதற்கு இல்லை. யேலின் சொந்தக் கணக்கில் அடிமைகள் எத்தனை பேர் என்று தேடுவதும் கேள்வியைச் சுருக்கிவிடும். அவர் ஓர் ஆட்சியின் தலைவர். அந்த ஆட்சி ஆளுக்கு 1 வராகன் வாங்கியது, கப்பலுக்கு 10 பேரை ஏற்றியது. பொறுப்பு அங்கே இருக்கிறது.

நிலம் இல்லாதவர்களின் வரலாறு

அந்த மக்கள் யார்? கம்பெனியின் ஏடுகளுக்குத் தலைக்கணக்கும் விலையும் போதுமானதாக இருந்தன. ஆனால் பஞ்சம் எல்லோரையும் ஒரே நாளில் வீழ்த்துவதில்லை என்பதை நாம் அறிவோம். களஞ்சியம் உள்ளவன் கடைசியில் பசிக்கிறான். நிலம் உள்ளவன் அதை அடகு வைக்கிறான். நிலமும் இல்லாமல், நிலம் வைத்திருக்கும் உரிமையும் இல்லாமல், அடுத்தவர் வயலில் உழைத்துக் கூலி நெல் பெற்றவர்களுக்கு அடகு வைக்க உடலைத் தவிர வேறெதுவும் இல்லை.

பாலாற்றுக்கும் கொற்றலையாற்றுக்கும் இடைப்பட்ட இந்தச் சீமையில், பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டம் எனப்பட்ட பகுதியில், நில உரிமை மிராசுதார்களிடம் இருந்தது. உழைப்பு பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் இருந்தது. படியாள், பண்ணையாள் என்ற பெயர்களில் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு பிணைக்கப்பட்டவர்கள் அவர்கள். இரு நூற்றாண்டுகள் கழித்து, 1891-ல், செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கை இம்மக்களின் நிலமின்மையை அரசின் முன் வைத்தது. 1892-ல் பிறந்த பஞ்சமி நில ஆணை அதன் விளைவு. சட்டத்தில் அடிமைமுறைக்கு 1843-லேயே ஏற்பு நீங்கியிருந்தது. அதன் பின்னும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அப்படி ஓர் அறிக்கை தேவைப்பட்டது என்றால், 1687-ல் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. காலனியம் ஒரு சமத்துவச் சமூகத்தில் வந்து அடிமைத்தனத்தைப் புகுத்தவில்லை. உழைப்பவரை உடைமையாகப் பார்க்கும் ஓர் அமைப்பு இங்கே ஏற்கெனவே இருந்தது. கம்பெனி அதற்குக் கடல் கடந்த சந்தையைத் திறந்துவிட்டது.

நகரத்தின் அமைப்பும் அதையே காட்டியது. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். அதற்கு வடக்கே கறுப்பர் நகரம். அங்கும் இடமில்லாதவர்களுக்குப் பறைச்சேரி. கம்பெனியின் ஆவணங்களில் அது அப்பெயராலேயே குறிக்கப்பட்டது. 1688-ல், இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் சாசனப்படி, மதராஸ் மாநகராட்சி தொடங்கப்பட்டது. நதானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூதர், உள்ளூர்ப் பெருவணிகர் என்று பல சமூகத்தவருக்கும் ஆல்டர்மன் பதவிகள் தரப்பட்டன. பன்மைத்துவத்தின் தொடக்கம் என்று இதைப் புகழ்வோர் உண்டு. அந்த அவையில் பறைச்சேரிக்கு இருக்கை இல்லை. அடிமை ஏற்றுமதிக்குச் சுங்கம் வாங்கிய மறு ஆண்டுதான் அந்த அவை கூடியது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

வீழ்ச்சியும் கொடையும்

யேலின் சொந்த வாழ்வில் அந்த ஆண்டுகள் துயரமும் பூசலும் நிறைந்தவை. அவரது ஒரே ஆண்மகன் டேவிட், சிறு பிள்ளையாக, 1688 ஜனவரியில் இறந்தான். தாயின் முதல் கணவர் ஹின்மர்ஸின் கல்லறையிலேயே அவனைப் புதைத்தனர். அடுத்த ஆண்டு கேத்தரின் மகள்களோடு இங்கிலாந்து திரும்பினார். வைர வணிகரின் கைம்பெண்ணான ஜெரோனிமா டி பைவாவோடு யேல் வாழ்ந்தார். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான்.

1690-ல் மராட்டியரிடமிருந்து கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை யேலின் நிர்வாகம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரை நிலம் சொந்தம் என்பது ஒப்பந்தம். அப்படியே சுட்டு எல்லை வகுத்தார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அவ்வூர்களில் உழுதவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. புனித டேவிட் கோட்டை என்று அது பெயர் பெற்றது.

ஆட்சிக்குழுவில் இருந்தோர் யேல் மீது அடுக்கடுக்காகக் குற்றம் சாட்டினர். கம்பெனியின் நலத்தைவிடத் தம் சொந்த வணிகத்தைப் பெரிதாகக் கருதினார், பதவியைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தினார் என்பவை அவற்றின் சாரம். 1692 அக்டோபரில் அவர் நீக்கப்பட்டார். விசாரணைகளும் கணக்குத் தகராறுகளும் இழுத்தடிக்க, 1699 வரை மதராஸிலேயே இருந்தார். பின்னர் பெருஞ்செல்வத்தோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். கம்பெனியின் காசுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஏற்றுமதியான மனிதர்களுக்குக் கணக்குச் சொல்லும்படி எந்தக் குற்றச்சாட்டும் எழவில்லை. அன்றைய சட்டத்தின் கண்ணில் எது குற்றமாகத் தெரிந்தது, எது தெரியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லண்டனில் அவர் கனவானாக வாழ்ந்தார். ஓவியங்களும் நகைகளும் அரிய பொருள்களும் சேர்த்தார். அப்போது கனெக்டிகட்டில் ஒரு சிறு கல்விக்கூடம் கட்டடம் கட்டப் பணமின்றித் தவித்தது. பாஸ்டனின் மதகுரு காட்டன் மேதர், கொடை தந்தால் கல்விக்கூடத்துக்கு உங்கள் பெயர் நிலைக்கக்கூடும் என்ற குறிப்போடு யேலுக்குக் கடிதம் எழுதினார். 1718-ல் யேல் 9 பொதிச் சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படமும் அனுப்பினார். மஸ்லின், காலிகோ போன்ற துணிகள் அப்பொதிகளில் இருந்தன. சரக்கை விற்றதில் சுமார் 562 பவுன் கிடைத்தது. அவர் செல்வத்தில் அது சிறு துளி. அந்தத் துளிக்கு ஈடாக அவர் பெயர் மூன்று நூற்றாண்டுகளாக நிலைத்துவிட்டது. 1721 ஜூலை 8 அன்று லண்டனில் இறந்தார். வேல்ஸின் ரெக்சம் நகரத் தேவாலயத்தில் அவர் கல்லறை உள்ளது.

ஓர் ஓவியமும் ஒரு கல்லறையும்

சுமார் 1719-ல் வரையப்பட்ட ஓர் ஓவியம் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது. யேலும் உறவினரும் மேசையைச் சுற்றி மது அருந்திக்கொண்டிருக்கின்றனர். ஓரத்தில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் பணிவிடைக்கு நிற்கிறான். அவன் கழுத்தில் பூட்டுப் போட்ட வெள்ளி வளையம். உடன் இருக்கும் கனவான்கள் யார் யார் என்பது ஆராயப்பட்டுள்ளது. அந்தச் சிறுவன் இன்றும் பெயரற்றவன். 2020-ல் அந்த ஓவியம் சுவரிலிருந்து இறக்கப்பட்டது. கறுப்பின ஓவியர் டைட்டஸ் காஃபர் வரைந்த மாற்று ஓவியம் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. அதில் கனவான்கள் கசங்கிய துணியாகச் சுருண்டு கிடக்க, பொற்சட்டத்துக்குள் சிறுவனின் முகம், கழுத்து வளையமின்றி, நேராக நம்மைப் பார்க்கிறது. பின்னர் ஆய்வுக் குறிப்புகளோடு பழைய ஓவியம் மீண்டும் காட்சிக்கு வந்தது. 2024-ல் அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளை ஆராய்ந்து நூலாக வெளியிட்ட பல்கலைக்கழகம், அதற்காக மன்னிப்பும் கோரியது. போராடிய மாணவர்களும் ஊழியர்களும் இல்லாமல் இவை நடந்திருக்காது.

நம் ஊரில் என்ன நடந்தது? சிறுவன் டேவிட் யேலும் ஹின்மர்ஸும் உறங்கும் கல்லறை, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், பழைய சட்டக் கல்லூரியின் பக்கத்தில் கூம்புக் கோபுரமாக நிற்கிறது. அந்த வளாகமே பழைய கறுப்பர் நகரத்தை இடித்த நிலத்தில் எழுந்ததுதான். பட்டாபிராமிலும் ஆவடியிலும் புறநகர் ரயிலேறி நீதிமன்றத்துக்குச் செல்லும் எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் அதைக் கடந்துதான் போகிறோம். வாகன நிறுத்தக் கட்டடத்துக்கு இடையூறாக இருக்கிறது என்று அந்தப் பாதுகாக்கப்பட்ட சின்னத்தை இடம் மாற்றக் கோரி வழக்கு நடந்தது. இடம் மாற்றுமாறு 2023-ல் தனி நீதிபதி ஆணையிட்டார். நினைவுச் சின்னமா, வாகன நிறுத்தமா என்று விவாதம் நடந்தது. ஒரு குழந்தையின் கல்லறையோடு நமக்குப் பகையில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் கடத்தப்பட்டுக் கப்பலேறிய பிள்ளைகளுக்கு ஒரு கல்கூட இந்நகரத்தில் இல்லை என்பது அந்த விவாதத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய சொல்.

பசியும் பலவந்தமே

பஞ்சத்தில் அவர்கள் தாங்களாகவே விற்றுக்கொண்டார்கள், வாங்கியவர் மீது என்ன குற்றம் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. இதற்கு நமது அரசமைப்புச் சட்டத்தில் விடை இருக்கிறது. பிரிவு 23 மனிதரை விற்பதையும் கட்டாய உழைப்பையும் தடைசெய்கிறது. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவுக்கு விரிவான பொருள் தந்தது. உடல் வலுவால் மட்டுமன்றி, பசியாலும் வறுமையாலும் வேறு வழியின்றி ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க நேர்ந்தால் அதுவும் கட்டாய உழைப்பே என்பது அத்தீர்ப்பின் சாரம். பசி ஒரு பலவந்தம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட நாள் அது.

இது பழங்கதை அன்று. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகள் மீட்கப்பட்ட செய்திகள் மீண்டும் மீண்டும் வந்துள்ளன. மீட்கப்படுவோரில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடியினரும். அவர்களைப் பிணைப்பது முன்பணம். பிள்ளையின் மருத்துவத்துக்கோ பசிக்கோ வாங்கிய சில ஆயிரம் ரூபாய். அவர்களும் விரும்பித்தானே வந்தார்கள் என்ற வாதம் விசாரணைகளில் இன்றும் எழுகிறது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி வழங்கப்படும் விடுவிப்புச் சான்றிதழில் தொழிலாளியின் பெயர் எழுதப்படுகிறது. தந்தை கடன்பட்டார் என்பதற்காக ஆலையில் உழைத்த பிள்ளைக்கும் தனியே ஒரு சான்றிதழ் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். சான்றிதழில் பெயரில்லாத பிள்ளைக்கு மறுவாழ்வுத் தொகையும் இல்லை. நாளை வழக்கு வந்தால் சாட்சியமும் இல்லை.

சட்டமும் வரலாறும் பயிலும் மாணவர்களிடம் நாம் கேட்பது இதுதான். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆட்சிக்குழுக் குறிப்புகள் அச்சில் உள்ளன. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அவற்றை வைரத்துக்கும் துணிக்கும் மட்டும் படித்தது போதும். 1687-ஆம் ஆண்டின் பக்கங்களை மனிதர்களுக்காகப் படியுங்கள். உயர் நீதிமன்ற வளாகக் கல்லறை எங்கு நின்றாலும், அதன் அருகே அந்த ஆண்டின் 665 பேரைச் சொல்லும் பலகை ஒன்று வேண்டும் என்று கோருவோம். அடுத்த முறை ஒரு சூளையில் மீட்பு நடக்கும்போது, கணக்கெடுப்பவர் எத்தனை பேர் என்று எழுதி முடிக்கும் முன், ஒவ்வொருவரின் பெயரையும் எழுதச் செய்வோம்.